கடைசியா என்னங்க மாத்துனீங்க?

சூடான பஞ்சுக்கு ஒரு வாசனை உண்டு. எரிகிற வாசனை இல்லை. எரியலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாசனை. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் மறந்துபோன கைக்குட்டை, மத்தியான வெயிலில் நின்ற பஸ்சின் சீட்டு, இரண்டையும் சேர்த்து முகர்ந்த மாதிரி. நேற்று ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரின் விசிறி திடீரென்று மூச்சிரைத்தது. பின்னாலேயே அந்த வாசனை. கடைக்காரர் சிபியுவின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நான் கேட்காமலேயே என்னிடம் சொன்னார்: "நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு. நா ஒண்ணுமே பண்ணலீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாக்கியத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது உருகி உண்மையாகும் வரை காத்திருக்கத் தெரிந்த ஒருவரை நான் அறிவேன்.

பிரிண்டிங் யூனிட்களில் அவரை சிஸ்டம் அக்கா என்பார்கள். திருப்பூரில் கம்ப்யூட்டர் என்று யாரும் வாய் நிறையச் சொல்வதில்லை, எல்லாம் சிஸ்டம்தான். முதலாளிகள் அம்மிணி என்பார்கள். நான் எதுவும் சொல்லி அழைத்ததில்லை. "ஏனுங்க" என்பதோடு என் தைரியம் முடிந்துவிடும். ஊத்துக்குளியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு நீளக் கட்டு நோட்டு, ஒரு பெயின்ட் பிரஷ், நூல் பிசிர் வெட்டுகிற சின்னக் கத்தரி, அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கர் அட்டை. கடைசி இரண்டும் பழைய வேலையின் மிச்சம். பல வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவர். டீ-ஷர்ட்டில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவார்களே, அந்த அம்புகள்தாம் அவை. சாயங்காலங்களில் கம்ப்யூட்டர் படித்து, மேசையை விட்டு வெளியே வந்தார். அம்புகளை மட்டும் விடவில்லை.

உங்கள் சட்டையில் பிசிர் தொங்கினால் அவரால் பேச முடியாது. பேச்சின் நடுவிலேயே கத்தரி நீளும், க்ளிக் என்று ஒரு சத்தம், பேச்சு தொடரும். அனுமதி கேட்கிற வழக்கமெல்லாம் இல்லை. முதல் தடவை என் காலர் ஓரமாகக் கத்தரி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நான் அப்போது ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில் டிசைனர். குழந்தைகளின் நெஞ்சில் கரடியும் ராக்கெட்டும் வரைந்து பிழைத்தவன். போட்டோ எடிட்டிங் சாப்ட்வேரில் வரைவேன். அது அச்சடிக்கிற சட்டமாகி, சாயமாகி, எனக்குத் தெரியாத ஊர்களில் எனக்குத் தெரியாத குழந்தைகளின் மேல் ஐஸ்கிரீம் சிந்தப்பட்டுக் கிடக்கும். படம் பெரிதாக ஆக சாப்ட்வேர் திணறும். அதற்காக சிபியுவுக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று போடுவார்கள். படம் காட்டுவதற்கென்றே ஒரு தனி மூளை. சாப்ட்வேர் செட்டிங்ஸில் அந்த மூளையைப் பயன்படுத்து என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் போட்டால் குதிரை. எடுத்தால் மாட்டு வண்டி. சில சமயம் குதிரை கிறுக்காகும்: திரை கறுக்கும், பிரஷ் இழுத்த இடத்தில் கோடு வராமல் கொஞ்சம் தள்ளி வரும், படம் கட்டம் கட்டமாகக் கிழிந்து இடம் மாறும். அப்போது ஊத்துக்குளிக்கு ஒரு போன்.

அவர் வந்தால் சிஸ்டத்தைத் தொடமாட்டார். நாற்காலியைத் திருப்பி உங்களைப் பார்த்து உட்கார்வார்.

"கடைசியா என்னங்க மாத்துனீங்க?"

"ஒண்ணுமே பண்ணலீங்க."

"செரிங்க."

அவ்வளவுதான். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றிப் பிடித்தபடி காத்திருப்பார். கோபம் இல்லை, அவசரம் இல்லை. வெளியே பிரிண்டிங் மேசையில் சட்டம் இறங்கி ஏறும் சத்தம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எந்த மனிதனும் மூன்றாவது நிமிடத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. சாப்ட்வேர் புதுசாக்கியது வெளியே வரும். மச்சினன் வந்து கேம் ஏற்றியது வெளியே வரும். வேகம் கூடும் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு, கார்டை இயக்குகிற டிரைவரை மாற்றியது வெளியே வரும். ஒருமுறை எங்கள் கணக்குப்பிள்ளை, கேள்வி தன்னைப் பார்த்துக் கேட்கப்படாதபோதே, வெளிநாட்டிலிருந்து சரக்கெடுக்க வரும் பையர்களுக்கு வாங்கி வைத்த பிஸ்கட்டை ஆறு மாதமாகத் தின்று வருவதை ஒப்புக்கொண்டார். "அது சிஸ்டத்துக்குச் சம்மந்தமில்லீங்க" என்றார் சிஸ்டம் அக்கா. கொஞ்சம் யோசித்து, "ஆனாலும் எழுதிக்கறேனுங்க. எறும்பு உள்ளார போச்சுன்னா ஒதவும்."

அப்புறம்தான் கை வைப்பார். ஒரு நேரத்தில் ஒன்று. அதற்கு மேல் கிடையாது. கிழிந்த இடத்தில் மானிட்டர் கண்ணாடி மேலேயே சிவப்பு அம்பை ஒட்டுவார். படத்தை நகர்த்துவார். கிழிசல் அம்புக்கு அடியிலேயே நின்றால் குற்றவாளி மானிட்டர். படத்தோடு நகர்ந்து போனால் வேறு ஆள். பிறகு டிக்கை எடுத்துப் பார்ப்பார். எழுதுவார். டிக்கைத் திரும்பப் போடுவார். டிரைவரைப் பழசாக்குவார். எழுதுவார். "ஏனுங்க, ரெண்டையும் ஒண்ணா மாத்தீட்டா சீக்கிரம் முடியுமில்லீங்க?" என்று நான் ஒருமுறை அவசரப்பட்டேன்.

"முடியுமுங்க. ரெண்டுல எது நல்லாக்குச்சுன்னு தெரியாது. தெரியாம நல்லாப்போனது தெரியாமயே மறுக்கா கெடுமுங்க."

திருப்பூரில் இப்படிப் பேசுகிறவர்களை நம்பி யாரும் கப்பலுக்குச் சரக்கு அனுப்ப முடியாது. ஆனாலும் எல்லா யூனிட்டும் அவரைத்தான் கூப்பிட்டது. வேறு ஆட்கள் வந்துபோனால் சிஸ்டம் ஒரு வாரம் ஓடும். இவர் வந்துபோனால் மறந்தே போகலாம்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். பொய் சொன்ன வீட்டுக்கு இரண்டாம் தடவை போகமாட்டார். ஒரு பெரிய கம்பெனியில் புது கார்டு வாங்கி, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்திருந்தார்கள். சாப்ட்வேரோ கார்டே இல்லை என்றது. இவர் போய்ப் பின்னால் பார்த்தால், மானிட்டர் கேபிளை யாரோ கார்டிலிருந்து பிடுங்கி, பழைய ஓட்டையிலேயே செருகியிருந்தார்கள். குங்குமம் வைத்த கார்டு மாதக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தது. யார் மாற்றியது என்று கேட்டார். ஏழு பேரும் இல்லை என்றார்கள். மூன்று நிமிடம் என்ன, முப்பது நிமிடம் ஆகியும் இல்லை என்றே சொன்னார்கள். கேபிளைச் சரியான இடத்தில் செருகிவிட்டு வந்துவிட்டார். அடுத்த தடவை காரே அனுப்பினார்கள். இவர் போகவில்லை.

"அந்த ஊட்டுல கேபிள் தானா எந்திரிச்சு நடக்குதுங்க. பேய் ஓட்டறவங்களைக் கூப்புடச் சொல்லுங்க."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவே இல்லை. நாங்கள் சிரித்தோம். எனக்கு அப்போதே ஒரு பயம். நானும் ஒரு நாள் மூன்றாவது நிமிடத்தைத் தாண்டிவிடுவேனோ என்று.

தாண்டினேன்.

அதற்கும் காரணம் அவர்தான் என்றால் நியாயமாக இருக்காது. ஆனால் உண்மை. ஒருமுறை என் சிபியுவைத் திறந்து, பிரஷ்ஷால் துடைத்து, ஒரு பிடி பஞ்சை என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறம், எலிக்குஞ்சு மாதிரி கதகதப்பு. "பாருங்க, ஒரு தலைகாணிக்கு ஆகும். இந்த ஊர்ல காத்துல பாதி பனியனுங்க. இது உள்ளார போகாமப் பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டேன். ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொண்டேன். மறு வாரம் சாம்பிள் தையல்காரரிடம் அளவு கொடுத்து, கழிவுத் துணியில் சிபியுவுக்கு ஒரு பனியன் தைத்து வாங்கினேன். ஆரஞ்சு நிறம். ஒயர்கள் வெளியே வரப் பின்பக்கம் இழுபடுகிற ரிப் துணி வைத்த கழுத்து. தையல்காரர் கலைஞர், கேட்காமலேயே கழுத்தில் சைஸ் லேபிள் வைத்திருந்தார், எக்ஸ்எல் என்று. மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு பொட்டுப் பஞ்சு போகாது. காற்றும் போகாது என்பது, காற்றையே பார்த்திராத ஒருவனைப் போல, எனக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் காலை ஒரு மீன் வரைந்துகொண்டிருந்தேன். நீல மீன், பெரிய கண். பையரிடம் அன்றே படம் காட்ட வேண்டும். விசிறி மூச்சிரைத்தது, அந்த வாசனை வந்தது. மீன் உடைந்தது. செதில் செதிலாக இல்லை, கட்டம் கட்டமாக. வால் தலைக்கு மேலே ஏறிக்கொண்டது. வயிற்றிலிருந்து ஒரு சதுரம் கழன்று கீழே தனியாக நீந்தியது. ஓரங்களில் நான் எந்தக் காலத்திலும் தேர்ந்தெடுக்காத ஒரு கத்தரிப்பூ நிறம். நான் போன் செய்தேன்.

"நா வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றார்.

தேநீர் குடிக்க வெளியே போனேன். திரும்பி வந்து, உடைந்த மீனையும் ஆரஞ்சுப் பனியனையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. அவர் சொன்ன வார்த்தையை மதித்துச் செய்த முட்டாள்தனத்தை அவரே வந்து பார்ப்பதா? வேறு யார் பார்த்தாலும் பரவாயில்லை. பனியனைக் கழற்றி மேசையின் அடி டிராயரில் போட்டேன். சிஸ்டம் குளிர்ந்தது. அவர் வந்து சேர்வதற்குள் மீன் முழு மீனாகி, ஒன்றும் நடக்காத முகத்தோடு என்னைப் பார்த்தது.

"கடைசியா என்னங்க மாத்துனீங்க?"

"ஒண்ணுமே பண்ணலீங்க. தானா வந்துச்சு, தானாப் போயிருச்சு."

நோட்டைத் திறந்து காத்திருந்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். காலண்டரைப் பார்த்தேன். ஒரு நிமிடம். இரண்டு. மூன்று.

"செரிங்க" என்றார். சிபியுவைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "ரூம் பூராப் பஞ்சா இருக்குது. இது மட்டும் குளிச்ச மாதிரி இருக்குதுங்களே."

"தொடச்சனுங்க."

பின்பக்கம் குனிந்தார். க்ளிக் என்று கத்தரிச் சத்தம் கேட்டது. எதையோ நோட்டுக்குள் வைத்து மூடினார். பிறகு மத்தியானம் வரை எல்லாச் சோதனையும் செய்தார். அம்பு, டிக், டிரைவர், ஒன்றன் பின் ஒன்றாக. மீன் அசையவில்லை. குளிர்ந்த சிஸ்டத்தில் என்ன வரும்? கடைசியில் டிக்கை எடுத்துவிட்டு, "மெதுவாத்தான் ஓடுமுங்க, ஆனா ஒடையாது" என்று சொல்லி, நோட்டில் ஒரு வரி எழுதினார். எட்டிப் பார்த்தேன். காரணம்: தெரியலை.

அந்த நோட்டில் அப்படி ஒரு வரியை நான் பார்த்ததே இல்லை. அவர் பையை மூடிக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது. எங்கள் மெர்ச்சன்டைசர், பையர்களோடு பேசுவதே வேலையாக உள்ள தூத்துக்குடிக்காரத் தம்பி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே! பையர் ஓகே சொல்லிட்டாருண்ணே! ரொம்பப் பிடிச்சிருக்காம்!"

"நான் இன்னும் படமே அனுப்பலையே தம்பி."

"நீங்க டீக்குப் போனப்ப ஸ்கிரீன போட்டோ எடுத்து வாட்ஸப்புல தட்டி விட்டுட்டேம்லா." திரையைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "ஐயையோ, இந்த மீனு இல்லண்ணே. ஒடஞ்ச மீனு. அது எங்க?"

பின்னாலேயே முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டார். எங்கள் ஊரில் கோபம் வந்தால் மரியாதை கூடும்.

"அம்மிணி, உங்களைத் தப்புச் சொல்லலீங்க. ஆனா கெட்டுக் கெடந்ததை யாருங்க நல்லாக்கச் சொன்னது? என்ன கெரகம் இது!"

"போட்டோவப் பாத்து வரைஞ்சறலாமுங்க" என்றேன் நான்.

தம்பி போனை நீட்டினான். பாதி மீன், மீதியில் டியூப்லைட்டின் வெளிச்சமும் அவன் தலை நிழலும். "இதைப் பாத்து என்னத்த வரைவீங்க?" என்றார் முதலாளி. "இன்னொருக்கா ஒடச்சுக் காட்டுங்க. எடுக்கத் தெரிஞ்ச கைக்கு வெக்கத் தெரியாதுங்களா அம்மிணி?"

"எடுத்தது நானில்லீங்க. தானாப் போச்சுன்னு இவரு சொல்றாரு." நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அன்று இரண்டாவது தடவையாக, அதே குரலில், ஒரு இழை கூடாமல் குறையாமல்: "கடைசியா என்னங்க மாத்துனீங்க?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆர்டர் போகும். அது முதலாளியின் கவலை. அவருக்கு ஆர்டர் வரும் போகும். வாயைத் திறந்தால், பொய் சொன்ன வீடு இது என்று ஆகும். ஊத்துக்குளி ஸ்கூட்டர் இந்தப் பக்கம் திரும்பாது. நான் மூன்று நிமிடமெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்து டிராயரைத் திறந்து, பனியனை எடுத்து மேசை மேல் விரித்தேன்.

"சிஸ்டத்துக்குப் போட்டிருந்தனுங்க. பஞ்சு போகக்கூடாதுன்னு சொன்னீங்கல்லங்க. அதுக்காவ."

முதலாளி லேபிளைப் படித்தார். எக்ஸ்எல். விழுந்து விழுந்து சிரித்தார். "நம்மூர்க்காரனுக்குத்தான்யா இந்த ரோசனை வரும்!" தம்பி அதையும் போட்டோ எடுத்தான். அவர் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். தெரியலை என்ற வரிக்குக் கீழே, செல்லோ டேப்பில் ஒட்டி, ஒரு ஆரஞ்சு நூல் பிசிர். பின்பக்க ஸ்குருவில் மாட்டியிருந்ததைத்தான் காலையில் வெட்டி எடுத்திருக்கிறார்.

பனியனை அவரே மாட்டிவிட்டார். டிக்கைப் போட்டார். நான் மீனைப் பெரிதாக்கி, பெரிய பிரஷ்ஷை இப்படியும் அப்படியும் இழுத்தேன். சிபியு சூடேறும்வரை எல்லோரும் காத்திருந்தோம், பால் பொங்கப் பார்த்திருக்கும் கிரகப்பிரவேச வீட்டைப் போல. அவர் மட்டும் மூக்கைத் தூக்கி முகர்ந்துகொண்டிருந்தார். "இந்தா வருதுங்க" என்றார். "வெண்ணெ காச்சற ஊட்டுல பொறந்தவ நானு. காந்தறதுக்கு முன்னாடியே தெரியும்."

மீன் உடைந்தது. ஆனால் வேறு மாதிரி. வால் இடுப்புக்கு வந்தது. தலை இரண்டாகியது. குளிர வைத்தோம், சூடாக்கினோம், மறுபடி உடைத்தோம். ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம், ஒவ்வொரு தடவையும் தம்பி போனோடு ஒப்பிட்டு, "இது இல்லக்கா" என்றான். ஒரு பழுது இரண்டாம் தடவை அதே முகத்தோடு வருவதில்லை என்பது சாயங்காலத்துக்குள் முதலாளிக்கே புரிந்துவிட்டது. கடைசியில் கட்டங்களின் அளவையும் அந்தக் கத்தரிப்பூ நிறத்தையும் அந்த உடைசல்களிலிருந்து திருடி, போட்டோவைப் பார்த்து நானே கையால் மீனை உடைத்தேன். இயந்திரம் ஒரு நொடியில் செய்த பிழையைச் செய்ய எனக்கு மறுநாள் மாலைவரை ஆனது. பையர், இந்த இயல்பான தன்மை பிரமாதம் என்று எழுதினார்.

டீ-ஷர்ட்டுகள் அச்சாகி செக்கிங்குக்குப் போன அன்று, அந்த மேசைப் பெண்கள் ஒவ்வொரு மீனின் வாலிலும் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரிதான். வேலை தெரிந்தவர்கள். அம்புகளை உரித்து எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு என் சிஸ்டம் கெடவே இல்லை. அன்றே மறுபடி எடுத்த டிக்கை நான் திரும்பப் போடவில்லை; மாட்டு வண்டியாய், நான் அந்த யூனிட்டை விட்டு வரும்வரை, ஒரு கோடு தள்ளிப் போகாமல் ஓடியது. கெடாத சிஸ்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது? சில மத்தியானங்களில் அடி டிராயரைத் திறந்து பார்ப்பேன். ஆரஞ்சுப் பனியன் மடித்தபடி இருக்கும். எடுத்து மாட்டினால் போதும், டிக்கைப் போட்டால் போதும், ஒரு மணி நேரத்தில் வாசனை வரும், ஸ்கூட்டர் வரும், நாற்காலி என் பக்கம் திரும்பும். அப்புறம் அந்தக் கேள்வி வருமே. டிராயரை மூடிவிடுவேன்.

ஆகவே மீனை உடைத்து உடைத்துப் பார்த்த அந்தச் சாயங்காலம், யூனிட் வாசல் கேட்டுக்கு அருகே பேசியதுதான் கடைசி. அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இனி இந்தப் பக்கம் வரமாட்டீங்களாங்க?"

அவர் என் சட்டைக் கையைப் பார்த்தார். கத்தரி நீண்டது. க்ளிக். பிசிரைக் காற்றில் விட்டார்.

"பொய் சொன்ன ஊட்டுக்குப் போறதில்லைன்னு வெச்சிருக்கறனுங்க. ஆனா நூலைப் பாத்ததுக்கு அப்பறமும் தெரியலைன்னு எழுதுனது நானு. இந்த ஊட்டுல ரெண்டு பொய் ஆயிப்போச்சு."

"நூலைக் காட்டிக் கேட்டிருக்கலாமில்லீங்க?"

"காட்டுனா நூலு சொன்னதா ஆயிருமுங்க. நீங்க சொல்லோணும்னு இருந்தேன்."

ஸ்கூட்டரைக் கிளப்பினார். "பழுது வந்தாக் கூப்புடுங்க" என்றார். பத்தடி போய் நின்றார். காலை ஊன்றி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"நீங்களா வர வெச்சீங்கன்னா எனக்குத் தெரிஞ்சு போயிருமுங்க."